நிலவில் ஒரு பெண்: வானவெளித் திரைப்படம் ஒன்றன் ஆற்றலும் குறையும்

1. முன்னுரை

கற்பனைப் படைப்பொன்று அறிவியற் பொருளைக் கையாளுங்கால் அதனை எவ்வளவுகோல் கொண்டு அளத்தல் வேண்டும் என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். அறிவியல் உண்மையோடு பொருந்துதலே அதன் சிறப்பு என்பர் ஒரு சாரார். கலையின்பம் பயத்தலே சிறப்பு. உண்மையோடு பொருந்துதல் வேண்டுவதன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளையும் ஒருங்கு வைத்து ஆராய்தற்கு ஏற்ற படைப்பு, செருமனியில் 1929ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபிராவ் இம் மோண்ட்' என்னும் ஊமைப்படமாகும். 'நிலவில் ஒரு பெண்' என்பது அப்பெயரின் பொருள். படத்தை இயக்கியவர் பிரிட்ஸ் லாங். கதை அவர்தம் மனைவியாராகிய தேயா ஃபொன் ஹார்பு அம்மையாருடையது.

இப்படத்தைப் பற்றிப் பலரும் கூறும் முடிவு ஒன்று உண்டு. இராக்கெட்டு புறப்படும் வரையில் படம் அறிவியல் என்பதும், நிலவில் இறங்கிய பின்னர் வெறுங்கதை என்பதுமே அம்முடிவு. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் முழுவுண்மையன்று என்று யாம் கருதுகின்றோம். படத்தின் ஆற்றல் எதிர்காலத்தை முன்னறிந்து கூறியதில் மட்டும் அடங்குவதன்று. அதன் பெருங்குறை நிலவிற் காற்றிருப்பதாகக் காட்டியதும் அன்று. இவற்றை முறையே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படம் தோன்றிய சூழல்

நிலவுப் பயணம் திரையிற் காட்டப்பெற்றது அதுவே முதன்முறையன்று. பிரெஞ்சுக் கலைஞர் மெலியே 1902இல் எடுத்த சிறு படத்தில், அறிஞர் சிலர் பீரங்கிக் குண்டினுள் அமர்ந்து நிலவை அடைகின்றனர். அது நகைச்சுவைக் கற்பனை. பீரங்கி வழியாக நிலவுக்குச் செல்லுதல் என்னும் எண்ணம் ழூல் வெர்ன் 1865இல் வெளியிட்ட புதினத்தில் விரிவாக இடம்பெற்றதாகும். வெர்ன் கணக்குப் பார்த்து எழுதியவர். எனினும் அக்கணக்கிலேயே அவ்வெண்ணத்தின் இயலாமையும் அடங்கியுள்ளது. அவர் கூறும் பீரங்கியின் நீளம் 900 அடி. குண்டு பெறவேண்டிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அக்குறுகிய தொலைவில் அவ்வேகத்தைப் பெறுவதாயின், உள்ளிருப்போர் மீது புவியீர்ப்பைப் போல் 20,000 மடங்கிற்கு மேற்பட்ட விசை தாக்கும். பயணம் தொடங்கும் முன்னரே பயணிகள் மாய்வர்.

இவ்விடர்க்குத் தீர்வு இராக்கெட்டு ஆகும். அது வேகத்தை ஒரே அடியிற் பெறாது. சிறிது சிறிதாகப் பெறும். நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்டு நிமிடங்களிற் பெறுவதாகக் கொள்ளின், சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல் இரண்டரை மடங்கிற்கும் குறைவேயாகும். மனிதவுடல் அதனைத் தாங்கும். இவ்வுண்மையை உருசிய நாட்டுப் பள்ளியாசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் எழுதிய கட்டுரையால் நிறுவினார். அமெரிக்கப் பேராசிரியர் கோடார்டு 1926ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் திரவ எரிபொருள் இராக்கெட்டை முதன்முதலாகச் செலுத்திக் காட்டினார். செருமானிய மொழியில் இத்துறைக்கு அடிப்படை இட்டவர் ஹெர்மன் ஓபர்த். திரான்சில்வேனியாவில் 1894இல் பிறந்த அவர், இப்பொருள் பற்றி எழுதிய ஆய்வேட்டை 1922இல் ஹைடல்பர்க்கு பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அதனையே 'கோளிடை வெளிகளுக்கு இராக்கெட்டு' என்னும் பொருளுடைய நூலாக வெளியிட்டார். அந்நூலின் தாக்கத்தால் செருமனியில் இராக்கெட்டு ஆர்வம் பரவியது. 1927ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிரெஸ்லௌ நகரில் விண்வெளிப் பயணக் கழகம் ஒன்று தோன்றிற்று. 1928 மே 23ஆம் நாள் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஃபொன் ஓப்பெல் என்பார் இராக்கெட்டு உந்திய உந்துவண்டியைப் பலர் காண ஓட்டினார்.

இச்சூழலிலேயே லாங் படத்தை மேற்கொண்டார். 1927இல் வெளிவந்த 'மெட்ரோபாலிஸ்' என்னும் பெரும்படத்தால் அவர் பெயர் முன்னரே பரவியிருந்தது. ஓபர்த்தும், இளைஞராகிய வில்லி லே என்னும் அறிவியல் எழுத்தாளரும் அறிவுரையாளராக அமர்த்தப்பெற்றனர். முதற்காட்சியை ஒட்டி மெய்யான இராக்கெட்டு ஒன்றை விளம்பரத்திற்காக விண்ணிற் செலுத்தவும் திட்டமிட்டனர். அதனை உருவாக்கும் பொறுப்பு ஓபர்த்தைச் சார்ந்தது. சோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் அவர் காயமுற்றார், இராக்கெட்டு முடிவுறவில்லை, அவரும் மனம் நொந்து ஊர் திரும்பினார். 1929 அக்டோபர் 15ஆம் நாள் பெர்லினில் படம் மட்டும் வெளிவந்தது. கோட்பாட்டறிவு முழுமை பெற்றிருந்தும் செய்தொழிற் பயிற்சி இன்னும் குழவிப் பருவத்தே இருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். திரையில் எழுந்த இராக்கெட்டு தரையில் எழவில்லை.

3. கதைச்சுருக்கம்

மன்ஃபெல்ட் என்னும் முதிய பேராசிரியர், நிலவில் பொன் மிகுதியாக உண்டு என்று ஒருகாலத்து உரைத்துப் புலவோர் அவையில் எள்ளி நகைக்கப்பெற்றவர். வறுமையுற்றுப் பரண் அறையில் வாழ்கிறார். அவரை மதிக்கும் பொறியறிஞன் ஹீலியசு நிலவுக்கு ஏகத் திட்டமிடுகின்றான். உலகப் பொன்னைத் தம் கைக்குள் வைத்திருக்கும் செல்வர் ஐவர், டர்னர் என்பவனை ஏவித் திட்டங்களைக் களவாடுகின்றனர். அவனையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும் என அச்சுறுத்துகின்றனர். ஹீலியசின் நண்பன் விண்டெகர். அவனுக்கு மணம் பேசப்பெற்றவள் பிரீடே என்னும் வானியல் மாணவி. ஹீலியசும் அவளை உள்ளத்தால் விரும்புகின்றான். இவர்களுடன் சிறுவன் ஒருவனும் மறைந்து ஏறிவிடுகின்றான்.

நிலவில் பேராசிரியர் பொன்னைக் கண்டு, பிளவொன்றில் வீழ்ந்து மாய்கின்றார். டர்னரும் இறக்கின்றான், ஆனால் அப்பூசலில் உயிர்வளிக் கலங்கள் துளைபடுகின்றன. எஞ்சிய உயிர்வளி அனைவரும் மீளுதற்குப் போதாது. ஒருவர் நிலவிலேயே தங்கவேண்டும். சீட்டு விண்டெகர்மேல் விழுகின்றது. அவன் அஞ்சுகின்றான். ஹீலியசு பிறரை மயங்கச்செய்து தான் தங்குகின்றான். இராக்கெட்டு எழுந்து மறைந்தபின் திரும்பிப் பார்ப்பவன், பிரீடேயும் தங்கியிருத்தலைக் காண்கின்றான். படம் அவ்வளவில் முடிகின்றது.

4. படத்தின் ஆற்றல்

படத்தின் முதற்சிறப்பு இராக்கெட்டுப் புறப்பாட்டுப் பகுதியில் விளங்குகின்றது. உயர்ந்த கட்டடத்தினுள் நின்ற நிலையிலேயே இராக்கெட்டு ஆக்கப்பெறுகின்றது. நின்ற நிலையிலேயே மெல்ல வெளியே கொணரப்பெறுகின்றது. அது பல பகுதிகளை உடையது; எரிபொருள் தீர்ந்த பகுதி கழன்று வீழ, அடுத்தது எரியத் தொடங்குகின்றது. வெறுங்கலத்தைச் சுமந்து செல்லுதல் வீண் என்னும் கணக்கு இதன் அடிப்படை. பயணிகள் படுத்த நிலையில் முடுக்கத்தைத் தாங்குகின்றனர். எடையற்ற நிலையிற் கால் மாட்டிக்கொள்ளுதற்கு வார்கள் உள்ளன. குப்பியினின்று வெளிப்படும் மது உருண்டைகளாய் மிதக்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1969 சூலை 16ஆம் நாள் அப்போலோ 11 புறப்பட்டபோது, நின்ற நிலையில் ஆக்கப்பெற்று ஏவுமேடைக்குக் கொணரப்பெற்ற மூன்று பகுதி இராக்கெட்டையே உலகம் கண்டது. அக்காட்சியை நேரிற் கண்டோருள் ஓபர்த்தும் ஒருவர்.

இவ்வொப்புமைகளை எண்ணி வியத்தலோடு பலர் அமைவர். யாம் அமையோம். ஏனெனில் இவை ஓபர்த்தின் நூலில் உள்ளனவே. அவற்றைக் கண்ட பெருமை அறிஞர்க்கு உரியது. படத்துக்கே உரிய பெருமை யாது? அவ்வறிவை நிகழ்ச்சிகளின் ஒழுங்காக மாற்றியமைத்தமையே என்க. நன்னூலார் கூறும் அழகுகளுள் முறையின் வைப்பு என்பது ஒன்று. இப்படத்தின் புறப்பாட்டுப் பகுதி அவ்வழகிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பயணப்பாதை முதலில் வரைபடமாக விளக்கப்பெறுகின்றது; பின்னர்க் கலம் காட்டப்பெறுகின்றது; பின்னர் மக்கள் திரள், ஒளிவிளக்குகள், வானொலி அறிவிப்பு; அதன்பின் பயணிகளின் படுக்கை; இறுதியிலேயே நெருப்பு. காண்போன் ஒவ்வொன்றையும் அறிந்தே அடுத்ததற்குச் செல்கின்றான்.

இவ்வொழுங்கின் கொடுமுடி, எண்ணிக்கை கீழிறங்கி வருதலாகும். ஊமைப்படமாதலின் எண்கள் எழுத்துக்களாகத் திரையிற் குறைந்துகொண்டே வந்து, 'இப்போது' என்னும் சொல்லில் முடிகின்றன. ஒன்று, இரண்டு என மேனோக்கி எண்ணின் எங்கு முடியும் என்பது காண்போர்க்குத் தெரியாது. கீழ்நோக்கி எண்ணின் முடிவு தெரியும் என்பதே தாம் இதனைக் கைக்கொண்ட காரணம் என லாங் பின்னாளில் விளக்கினார். பிற்காலத்து ஏவுதளங்கள் பலவற்றில் இவ்வழக்கே நிலைபெற்றது. அறிவியலினின்று கலை கடன் பெறுதல் இயல்பு. ஈண்டுக் கலையில் முன்னரே நின்றதொரு முறையை அறிவியலும் கைக்கொண்டமை காண்கின்றோம்.

இரண்டாம் சிறப்பு பிரீடே என்னும் பாத்திரம். அவள் காப்பாற்றப்படுவதற்காகக் கதையிற் சேர்க்கப்பெற்றவள் அல்லள். வானியல் கற்றவள், நிலவில் ஒளிப்படக் கருவியை ஏந்திப் பணி செய்பவள், இடர் நேர்ந்தபோது மணம் பேசப்பெற்றவன் கலங்க, தான் கலங்காதவள். 1963இல் தெரஸ்கோவா அம்மையார் விண்ணிற் சென்றது இப்படத்திற்கு 34 ஆண்டுகள் பிற்பட்ட நிகழ்ச்சி. 1969 முதல் 1972 வரை நிலவில் நடந்த 12 பேரும் ஆடவரே. எனவே, கற்பனை செயலினும் முந்திச் சென்ற இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

5. படத்தின் குறைகள்

குறைகளுள் முதலாவது நிலவிற் காற்றிருப்பதாகக் கொண்டமை. பேராசிரியர் தீக்குச்சியைக் கொளுத்திப் பார்த்துக் காற்று உண்டெனத் துணிகின்றார். பின்னர் அனைவரும் தலைக்கவசமின்றி உலவுகின்றனர். நிலவின் ஈர்ப்பு புவியீர்ப்பில் ஆறிலொரு பங்கு. அதன் பிடியினின்று விடுபட நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகமே போதும். ஆதலின் காற்று அங்கு நிலைபெறாது. படம் இதற்கு ஓர் அரணைத் தேடியது. நிலவின் எடைமையம் ஒருபுறம் விலகியுள்ளது, ஆதலின் காற்றும் நீரும் நாம் காணாத மறுபுறத்தே தங்கியிருத்தல் கூடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஹான்சன் என்னும் வானியலார் கருதினார். அக்கருத்தையே படம் பற்றிக்கொண்டது. ஆனால் அது படம் தோன்றுதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே மறுக்கப்பெற்றுவிட்டது. 1959 அக்டோபர்த் திங்களில் சோவியத்து நாட்டின் லூனா 3 மறுபுறத்தைப் படம்பிடித்தது. 2019 சனவரி 3ஆம் நாள் சீனத்தின் சாங்கே 4 அங்கேயே இறங்கியது. காற்றுக்குரிய அடையாளம் எதுவும் அங்கில்லை.

பேராசிரியர் கோலொன்றை ஏந்தி நீரைத் தேடுவதாக ஒரு காட்சியும் உண்டு. நிலவில் நீர்மூலக்கூறுகள் உள்ளமையை இந்தியாவின் சந்திரயான் 1 சென்ற ஆய்வு 2009இல் வெளிப்படுத்திற்று. துருவப் பகுதியின் நிழற்பள்ளங்களிற் பனிக்கட்டி உண்மையும் பின்னர்த் தெளிவாயிற்று. இதனைக் காட்டிப் படம் முன்னறிந்து கூறியது எனல் பொருந்தாது. கோல் கொண்டு நீர் காணுதல் வேறு. கருவியால் ஒளியைப் பகுத்துணர்தல் வேறு. முடிவு ஒத்திருத்தலால் வழி ஒத்ததாகிவிடாது. ஆராய்ச்சி மாணவர்கள் எத்துறையிலும் மனங்கொள்ளத்தக்க வேறுபாடு இது.

இனி, இப்பிழை அறியாமையால் நேர்ந்ததா என வினவுதல் வேண்டும். ஓபர்த்தை அருகில் வைத்துக்கொண்டு எடுத்த படத்தில் அறியாமை என்பது பொருந்தாது. ஊமைப்படத்திற்கு முகமே மொழி. காதல், அச்சம், தியாகம் ஆகிய மெய்ப்பாடுகளை இறுதிப் பகுதியிற் காட்டவேண்டிய கலைஞர், நடிகர் முகங்களைக் கவசத்துள் மறைத்தற்கு இசைந்திரார். தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டு கூறி, அவ்விரண்டும் இயைந்ததைப் புலனெறி வழக்கம் என்பர். அவ்வியைபே ஈண்டு இல்லை. படத்தின் முற்பகுதி உலகியல் வழக்கிலும் பிற்பகுதி நாடக வழக்கிலும் நிற்கின்றது; இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கப்பெற்றனவேயன்றிக் கலக்கவில்லை. காற்றைப் புனைந்தது குறையன்று. கணக்கால் நம்பவைத்துவிட்டு, அந்நம்பிக்கையை இடைவழியிற் கைவிட்டதே குறை.

இரண்டாவது குறை கதையமைப்புப் பற்றியது. ஏறத்தாழ 2 மணி 45 நிமிட நீளமுடைய இப்படத்திற் களவும் அச்சுறுத்தலும் காதற்சிக்கலும் முற்பகுதியின் பெரும்பங்கைக் கொள்கின்றன. இதனை மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தின்பாற் படுத்தலாம். பொன் வேட்கையும் அத்தகையதே. எனினும் அதற்கோர் வரலாற்றுக் காரணம் புலனாகின்றது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க்கு என்னும் அளவிற்குச் செருமானிய நாணயம் வீழ்ந்தது. வாழ்நாட் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் போதாமை கண்ட மக்கட்குப் பொன் என்னும் சொல் வெறும் பேராசையைக் குறிப்பதன்று, நிலைபேற்றையும் குறிப்பது. படம் வெளிவந்த ஒன்பதாம் நாள் நியூயார்க்குப் பங்குச்சந்தை வீழத் தொடங்கிற்று.

மூன்றாவதாகச் சிலர் கூறுவது, பேசும் படம் பரவத் தொடங்கிய காலத்தில் இஃது ஊமையாய் வந்தது என்பது. தயாரிப்பு நிறுவனமாகிய ஊஃபா, இராக்கெட்டு எழும் ஓசையையேனும் சேர்க்க விரும்பியது, லாங் இசையவில்லை. இருவர்க்கும் பிளவு நேர்ந்தது. இதனைக் குறையென யாம் கொள்ளவில்லை. எழுத்தாய் இறங்கும் எண்களின் அமைதியே அக்காட்சிக்கு ஆற்றல் தருகின்றது.

6. பெருங்குறை

மேற்கூறியவை அனைத்தினும் பெரிய குறை ஒன்றுண்டு. இராக்கெட்டை யார் கைப்பற்றுவர் என்னும் வினாவிற்குப் படம் தந்த விடை தவறாயிற்று. கதையிற் பகைவர், பொன்மேல் வேட்கையுற்ற செல்வர் ஐவர். ஆட்சியாளரும் படையினரும் அங்கு இடம்பெறவில்லை. வரலாறோ வேறு வழியிற் சென்றது. ஓபர்த்தின் சோதனைகட்கு 1930இல் துணைநின்ற மாணவர் வெர்னர் ஃபொன் பிரௌன், 1932இன் இறுதியிற் செருமானியப் படைத்துறையின் இராக்கெட்டுப் பணியிற் சேர்ந்தார். 1933இல் இட்லர் ஆட்சி ஏற்பட்டது. லாங் நாட்டை விட்டு நீங்கினார். ஹார்பு அம்மையார் அங்கேயே தங்கி ஆளுங்கட்சியில் உறுப்பினரானார். விண்டெகராக நடித்த வாங்கன்ஹைம் சோவியத்து நாட்டிற்குச் சென்றார். வில்லி லே 1935இல் அமெரிக்கா அடைந்தார். இராக்கெட்டு மருமங்களை வெளிப்படுத்தும் என்று கருதிப் படத்தையும் அதன் மாதிரியுருக்களையும் ஆட்சியாளர் பறிமுதல் செய்தனர் என லாங் பிற்காலத்திற் கூறினார்.

1942 அக்டோபர் 3ஆம் நாள் பால்டிக்குக் கரையிலுள்ள பேனமூண்டேயில் பிற்காலத்து வி-2 எனப் பெயர்பெற்ற இராக்கெட்டு முதன்முறையாக வெற்றியுற எழுந்தது. அதன் உடற்புறத்தே பிறைநிலவின்மேல் அமர்ந்த பெண்ணுருவம் தீட்டப்பெற்றிருந்தது. அஃது இப்படத்தின் நினைவாக இட்ட குறி. 1944 செப்டம்பர் முதல் அவ்விராக்கெட்டுகள் இலண்டன் முதலிய நகரங்கள்மேல் வீழ்ந்தன. அவற்றை ஆக்கிய மிட்டல்பாவ்-டோரா சிறைமுகாமில் அடைபட்டோர் ஏறத்தாழ 60,000 பேர்; அவருள் மூன்றிலொரு பங்கினர் உயிரிழந்தனர். கதைத்தலைவியின் பெயரே படத்தில் இராக்கெட்டிற்கும் இடப்பெற்றது. 'பிரீடே' என்னும் செருமானியச் சொல்லுக்கு அமைதி என்பது பொருள்.

இதற்குப் படைப்பாளரைக் குற்றஞ்சாட்டுதல் நேர்மையன்று. 1929இல் இருந்தோர் 1944ஐ அறிதல் எங்ஙனம்? ஆயினும் மதிப்பீட்டிற்கு இவ்வுண்மை இன்றியமையாதது. பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் அத்துணை நுட்பமாக எண்ணிய படைப்பு, அப்பொறியை ஆளும் மாந்தரைப் பழங்கதைகளின் கொடியோராகவே எண்ணியமைந்தது. நுட்பம் இராக்கெட்டிற் செலவிடப்பெற்றது, மாந்தரியல்புக்கு எஞ்சவில்லை.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இப்படத்தின் ஆற்றல், அறிவியல் முடிபுகளைக் காண்போர் உணரும் நிகழ்ச்சியொழுங்காக அமைத்தமையிலும், கற்ற பெண்ணொருத்தியைப் பயணத்தின் உரிமைப் பங்காளியாக்கியமையிலும் உள்ளது. நிலவின் காற்று முதலிய பிழைகள் அறியாமையால் அன்றி நாடகத் தேவையால் நேர்ந்தவை. அவற்றால் விளைந்த இழப்பு உண்மைக்கு ஏற்பட்டதினும் ஒருமைக்கு ஏற்பட்டதே மிகுதி. பெருங்குறை மாந்தரையும் ஆட்சியையும் பற்றிய எண்ணம் எளிமையாய் நின்றுவிட்டமை.

முன்னுரையிற் குறித்த இரு சாரார்க்கும் இதனால் விடை கிடைக்கின்றது. உண்மையோடு பொருந்துதலே சிறப்பாயின், இப்படத்திற் பொருந்திய பகுதியே போர்க்கருவி செய்வோரைக் கவர்ந்தது என்பதை எண்ணவேண்டும். கலையின்பமே போதுமாயின், இறங்கும் எண்களைத் தாங்கி நிற்பது ஓபர்த்தின் கணக்கே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பொறியைப் பற்றிய அறிவும் மாந்தரைப் பற்றிய அறிவும் ஒருங்கே நிறைந்த படைப்பையே நிறைந்தது எனக் கூறுதல் தகும். அவ்வளவுகோலால் அளக்குங்கால் 'நிலவில் ஒரு பெண்' பாதி நிறைந்த படைப்பே. ஆயினும் அந்நிறைந்த பாதி, தனக்குப்பின் வந்த விண்வெளிப் படங்களுக்கும் விண்வெளிப் பயணங்களுக்கும் வழிகாட்டியாய் நின்றது.